நான்கு இடங்களும் ஆறு பேர் குடும்பமும்

கோத்தகிரியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புகளும் பிரமாணப் பத்திரங்களும் தயாரிப்பது என் வேலை. எங்களைத் தேடி வருவோரில் கணிசமானோர், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுக் கழகத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றியும் குடியேறிய குடும்பத்தினர். அதே குடும்பங்களின் இன்னொரு கிளை 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய், 1983க்குப் பிறகு படகேறி வந்து, இன்றும் முகாம்களில் அகதிகளாகவே பதிவில் இருக்கிறது. அண்ணன் இந்தியக் குடிமகன், பவானிசாகர் முகாமில் இருக்கும் தம்பி அகதி என்பது இங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. அந்தத் தம்பியின் குடும்பத்தைக் கனடாவில் உள்ள உறவினர் ஸ்பான்சர் செய்ய முன்வரும்போது, அதற்கான தாள்கள் எங்கள் மேசைக்கு வருகின்றன.

கனடாவில் அரசு அழைத்துக்கொள்ளும் அகதிகளைத் தவிர, பொதுமக்களே குழுவாகச் சேர்ந்து, ஓராண்டுக்கு வாடகையும் சாப்பாடும் பிற உதவிகளும் தருவதாகப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் முறை 1970களின் இறுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசுடன் நிலையான ஒப்பந்தம் செய்துகொண்ட அமைப்புகள் இதில் முதன்மையானவை. 1979 மார்ச்சில் மென்னோனைட் மத்தியக் குழு செய்துகொண்டதே முதல் ஒப்பந்தம். மறைமாவட்டங்களும் பிற சமய, சமூக அமைப்புகளும் பின்னர் சேர்ந்தன. இவை தவிர ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்த வழியில் ஐ.நா. அகதிகள் ஆணையமோ ஒரு நாட்டு அரசோ அகதி என அங்கீகரித்த சான்று வேண்டும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால், முகாம் அடையாள அட்டையை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது எப்போதும் இடறலாகவே இருந்தது. 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்கள் பெறுவதே நிறுத்திவைக்கப்பட்டதால், ஒப்பந்த அமைப்புகளின் வாசலில் நெருக்கடி இன்னும் கூடியது.

அந்த வாசலும் அகலமானதன்று. ஒப்பந்த அமைப்புகள் ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்து, அதை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அமைப்பு தன் கீழுள்ள தேவாலயக் குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் அதை மறுபடி பிரிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான குடிவரவுத் திட்டத்தில் தனியார் பொறுப்பில் வருவோருக்கென்று 23,000 என்ற இலக்கு இருந்ததைப் படித்துவிட்டு, இங்குள்ளோர் அத்தனை இடமும் காலியாக இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். அந்த இலக்கு அந்த ஆண்டு விமானம் ஏறி வந்து சேர்வோருக்கானது; அவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளுக்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள். புதிய விண்ணப்பத்துக்கான வரம்பு வேறு கணக்கு.

என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் கடைசிப் பங்கீட்டில்தான் தோன்றுகிறது, ஏனென்றால் இடம் என்பது குடும்பக் கணக்கில் அல்ல, தலைக் கணக்கில் அமைகிறது. நான் தாள் தயாரித்த ஒரு குடும்பத்தில் கணவர், மனைவி, மூன்று பிள்ளைகள், கணவரின் தாயார் என ஆறு பேர். உறவினர் சேர்ந்திருந்த குழுவுக்கு அவ்வாண்டு கிடைத்தவை நான்கு இடங்கள். தாயார் சார்ந்திருப்போர் பட்டியலில் வரமாட்டார். அவருக்குத் தனி விண்ணப்பமும் தனி இடமும் வேண்டும். மூத்த மகனுக்கு வயது இருபத்தொன்று. இருபத்திரண்டு வயது நிறைந்தால் அவனும் பட்டியலிலிருந்து நீங்கித் தனி விண்ணப்பதாரன் ஆகிவிடுவான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் உள்ள வயதே கணக்கில் நிலைக்கும் என்பதால், விண்ணப்பித்த பின் காத்திருப்பதில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் விண்ணப்பிக்க இடம் கிடைக்குமுன் குழுவின் முறைக்காகக் காத்திருக்கும் காலத்தில் வயது ஓடிக்கொண்டே இருக்கிறது.

“பெரியவனுக்கு அடுத்த தை வந்தா இருபத்திரண்டு ஆயிடுதுங்க சார், அவனை விட்டுட்டு நாங்க மட்டும் போறதாங்க?” என்று பிள்ளைகளின் தாய் கேட்டார். இடையில் யாரோ ஒருவர், நால்வரின் பெயரை மட்டும் எழுதுங்கள், மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார். இதைவிடக் கெடுதலான அறிவுரை இந்தத் துறையில் இல்லை. உடன் வராத துணையையும் பிள்ளைகளையும்கூட விண்ணப்பத்தில் அறிவித்தாக வேண்டும். அறிவித்திருந்தால்தான், முதலில் போனவர் அங்கே சேர்ந்த ஓராண்டுக்குள் அவர்களை அழைக்க விண்ணப்பிக்க முடியும்.

எல்லாக் குழுக்களுக்கும் சம எண்ணிக்கை என்று பிரிப்பது கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் மூன்று, நான்கு என்று பொடியாகப் பிரித்தால் பெரிய குடும்பம் எதிலும் அடங்காது. மூன்று பேர் குடும்பத்தை எடுத்த குழுவிடம் ஓர் இடம் மிஞ்சும், அது தனி ஆள் ஒருவருக்குப் போகும் அல்லது ஆண்டு முடியும்வரை சும்மா கிடக்கும். யாரும் திட்டமிடாமலேயே தனி இளைஞர்கள் முன்னுக்குப் போக, பாட்டியும் பிள்ளைகளும் உள்ள வீடு பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

சில அமைப்புகள் குடும்பத்தின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்து மதிப்பெண் போட்டு இடம் தருகின்றன. அந்தக் குறிப்புகளை எழுதிப் பிழைக்கும் எனக்கே இதில் உடன்பாடில்லை. அகதியா இல்லையா என்று முடிவு செய்பவர் விசா அதிகாரி. குழு செய்வது வரிசைப்படுத்துவது மட்டுமே. அந்த வரிசை என் வாக்கிய அமைப்பைப் பொறுத்து மாறுமென்றால், எழுதத் தெரிந்த ஆள் கிடைக்காத முகாம்வாசி என்ன செய்வார்? அதற்குச் சீட்டுக் குலுக்கல் மேல் என்றே சொல்வேன், பிள்ளைக்கு வயது கடக்கப்போகும் குடும்பங்களை மட்டும் முன்னால் எடுத்துக்கொண்டபின் குலுக்குவதானால்.

மேலே சொன்ன குடும்பத்தில் பாட்டி, கோத்தகிரியில் இருக்கும் தன் மூத்த மகனிடமே, அதாவது கணவரின் அண்ணனிடமே, தங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். எஞ்சியவர்கள் ஐவர். அதே ஒப்பந்த அமைப்பின் கீழிருந்த வேறொரு குழுவிடம் மிஞ்சிய ஓர் இடத்தை, உறவினர் பலமுறை தொலைபேசியில் கேட்டுப் பெற்றார். தைக்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, ஒற்றை ஒற்றையாக மிஞ்சும் இடங்களை ஆண்டின் நடுவில் திரும்பப் பெற்று, பெரிய குடும்பங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பதென்று அந்த அமைப்பு விதி வகுத்திருக்கிறது. ஆண்டு தொடங்கிச் சில மாதங்கள் கழித்தே மொத்த எண்ணிக்கை தெரியவருவதும் உண்டு என்பதால், அந்த நடுப்பகுதி எந்த மாதத்தில் வரும் என்று குடும்பங்களுக்கு என்னால் முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை.