கடைக் கொப்பி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில, வவுணதீவுப் பக்கம் எனக்கு வேலை. காலையில வலையிறவு பாலத்தால போய் பின்னேரம் திரும்பி வாறன். ஒபிசுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை இருக்கு, தேத்தண்ணி குடிக்க அங்கதான் போறது. போன கிழமை போகக்குள்ள கடைக்கார மாமா கடன் கொப்பிய விரிச்சு வச்சிட்டு பேசாம இருந்தாரு. எட்டிப் பாத்தன். 2022ல அந்தக் கொப்பியில என்ட பேரும் இருந்திச்சு, பால்மா, பருப்பு, சவர்க்காரம் எண்டு ரெண்டு பக்கத்துக்கு. இப்ப என்ட பேர் இல்ல, ஆனா எனக்கு மேலயும் கீழயும் இருந்த பேரெல்லாம் அப்பிடியே கிடக்கு, தொகைதான் கூடியிருக்கு.

அண்டையில இருந்து மனசு சரியில்ல, அதான் எழுதுறன்.

2022 பொருளாதார நெருக்கடியில விழுந்த நாடு எழும்பிட்டெண்டு எல்லாரும் சொல்றாங்க, அது பொய்யும் இல்ல. 2022 செப்டெம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், அடுத்த வருசம் அதே செப்டெம்பர்ல 1.3 வீதம். 2024ல பொருளாதாரம் 5 வீதம் வளந்திச்சு. 2022ல இருந்த பெற்றோல் லைனும் கரண்ட் வெட்டும் இல்லாமப் போச்சு. ஆனா பணவீக்கம் குறையிறதெண்டா விலை குறையிறதெண்டு கனபேர் நினைக்கிறாங்க. 100 ரூவாச் சாமான் 170 ஆகி, மறுகா 172ல நிண்டா அதுக்குப் பேர்தான் 1.3 வீதம். விலை கீழ இறங்கவே இல்ல, ஏறுற வேகம்தான் நிண்டது. சம்பளம் கூடினவனுக்கு அது ஆறுதல், கூடாதவன் இன்னும் அந்த 2022லதான் இருக்கான். எனக்குக் கூடிச்சு. அரசாங்க வேலையில ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்த 2025 வரவு செலவுத் திட்டத்தில 24,250ல இருந்து 40,000 ஆக்கினாங்க, கட்டம் கட்டமாத்தான் தாறாங்க, எண்டாலும் வருது. கட்டார்ல புள்ளை இருக்கிற வீடுகளும் தப்பிட்டு.

படுவான்கரையில கூலிக்குப் போற சனத்துக்கு எங்கால கூடுற? முந்தி வயல் வெட்டெண்டா ஊரே இறங்கும், இப்ப மெசின் வந்து ஒரு நாளையில முடிச்சிட்டுப் போகுது. 2021ல இரசாயனப் பசளைய நிப்பாட்டினதில கையச் சுட்ட சின்ன விவசாயி, அந்தக் கடன இன்னும் சுமக்கிறான். வாவியில தோணி வலிக்கிறவனுக்கு வலை விலை, கடலுக்குப் போறவனுக்கு எண்ணெய் விலை. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட்ல ஒரே ராவில 87 ரூவாயில இருந்து 340க்குப் போனத மறக்க ஏலுமா?

கொப்பியில மூணாவது பேர் ஒரு அக்காட பேர். புருசன் மேசன் வேலைக்கு கையாள், சீமெந்து விலை ஏறின நேரம் வீடு கட்டுறத ஆக்கள் நிப்பாட்ட, அவருக்கும் வேலை நிண்டிட்டு. அரசாங்கம் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு மாசம் குடுக்கிற அஸ்வெசும காசு வருது, 2025 ஜனவரியில 8,500 எண்டு இருந்தது 10,000 ஆச்சு. ஆனா பொம்புளையள் குழுவாச் சேந்து எடுக்கிற குழுக்கடன கிழமைக்குக் கிழமை கட்டணும், அதுக்கே அந்தக் காசு போகுது, மிச்சத்துக்குத்தான் கொப்பி. மூத்த பொடியன் ஓஎல் (சாதாரண தர) சோதினை எடுக்கணும், டியூசனுக்கு விடாம இவனையும் வேலைக்கு அனுப்புவமா எண்டு யோசிக்கிறாங்களாம். எனக்கு வயித்தப் பிசைஞ்சிச்சு.

நான் மட்டக்களப்புக் கடற்கரைப் பக்கம், கல்லடியில பிறந்தவன். சுனாமி வரக்குள்ள எனக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தில அகதியா இருக்கக்குள்ள முதல் நாள் வந்த சோத்துப் பார்சல் படுவான்கரைச் சனம் கட்டி அனுப்பினது, வாழையிலையில சோறும் பருப்பும். ஆர் தந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது, அவங்க பேர் சொல்லவும் இல்ல. பிறகு வேற ஆக்கள் வந்து சாமான் தரக்குள்ள அம்மாவ வரிசையில நிப்பாட்டி போட்டோ எடுத்தாங்க. அம்மா சீலைத் தலைப்பால முகத்த மூடினா. இப்ப பேஸ்புக்கில உலர் உணவுப் பொதியோட ஒரு வயசான மனிசி நிக்கிற படத்தக் கண்டா எனக்கு அம்மாட முகம்தான் வருது. தயவுசெஞ்சு படம் எடுக்காதீங்க. குடுக்கிறது பெரிய விசயம்தான், ஆனா வாங்கிறவட மானமும் அந்தப் பொதிக்குள்ளயே இருக்கு.

சம்பளமோ வெளிநாட்டுக் காசோ ஒழுங்கா வாற ஆக்கள்ட்ட நான் கேக்கிறது இதுதான். உங்கட ஊர்க் கடையில போய் கொப்பிய வச்சிருக்கிறவரோட தனியாக் கதைங்க, ஒரு பேர்ட கணக்கக் கட்டுங்க. ஏலாட்டி பாதியக் கட்டுங்க. கடன் குறைஞ்சாத்தான் கடைக்காரருக்கும் திரும்பச் சாமான் போட ஏலும், அவரும் பெரிய பணக்காரர் இல்ல. ஒரு புள்ளைட டியூசன் காச மாசா மாசம் பொறுப்பெடுங்க, ஒரு மாசம் குடுத்திட்டு விட்டிராதீங்க. வீட்டில வேலி கட்டுற, கூரை மாத்துற வேலை இருந்தா அடுத்த வருசத்துக்குத் தள்ளாம இப்பவே ஒராளக் கூப்பிடுங்க. உதவியெண்டு காசு வாங்கக் கூச்சப்படுற மனிசன், வேலையெண்டா நிமிந்து வருவான்.

நான் அந்த அக்காட கணக்கக் கட்டினன். மாமா காச எண்ணிட்டு, "மனே, அவ கேட்டா நான் என்ன சொல்ற?" எண்டாரு. எனக்கும் என்ன சொல்றதெண்டு தெரியல்ல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா இருந்தம். பிறகு அவரே, "சுனாமிக்குச் சோறு குடுத்த கணக்கு எண்டு சொல்றன்" எண்டு சொல்லிப் பேனைய எடுத்து அந்தப் பக்கத்தக் கீறினாரு. அடுத்த பக்கம் ஒரு தோணிக்காரர்ட. 25ஆந் திகதி சம்பளம் வரும்.