அங்கே பெய்தால் இங்கே லீவு

இரண்டு நாள், இரண்டு பேர், 2,500 ரூபாய். ஒரு ரூபாய் கூடினாலும் இனிமேல் உன்னோடு வரமாட்டேன் என்று அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். நான் பெங்களூரிலிருந்து, அவள் சேலத்திலிருந்து. நடுவில் தர்மபுரி. அக்டோபர் மாதம், மழை வரும் என்று தெரிந்தேதான் கிளம்பினோம். எனக்குக் கிடைத்த லீவு அப்போதுதான்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன். ஓசூர் வரை தூறல், சூளகிரி தாண்டியதும் கொட்டல். ஜன்னல் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கவில்லை, இடது தோள் முழுக்க நனைந்தது. தர்மபுரி பஸ் நிலையத்தில் அம்மா எனக்கு முன்பே வந்து, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் புளிச்சோற்றுத் தூக்குமாக நின்றாள். பக்கத்திலிருந்த லாட்ஜில் 900 சொன்னார்கள். அம்மா குழாயைத் திறந்து பார்த்து, வெந்நீர் வராது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, 800க்கு முடித்தாள். “வெந்நீர் இல்லன்னா நூறு ரூபா லாபம் கண்ணு” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈரத் தலையோடு பையை வைத்துவிட்டு ஒகேனக்கல் பஸ் பிடித்தோம்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் அந்தப் பாதைக்காகவே மழையில் போகலாம். வெயில் காலத்தில் முள்ளும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கிற மலை அது. இப்போது பச்சை ஏறி, வளைவுக்கு வளைவு செம்மண் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்தது. குரங்குகள் குடும்பத்தோடு நனைந்துகொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

இறங்கியதுமே ஒலிபெருக்கிதான் வரவேற்றது. குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. நீர்வரத்து ஏறிவிட்டதாம். பரிசல்களை மரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், பெரிய பெரிய ஆமைகள் மாதிரி. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். ஆற்றங்கரையில் கயிறு கட்டி போலீஸ் நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் அருவி என்று தனியாக எதுவும் தெரியவில்லை. பாறைகளை முழுக்க மூடிக்கொண்டு காவி நிறத்தில் ஒரே ஓட்டம். சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. அன்றைக்குக் கல் கண்ணில் படவில்லை, புகை மட்டும்தான்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அம்மாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “எல்லாம் நம்ம மேட்டூருக்குத்தான போகுது!” சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. காலையில் பேப்பர் வந்ததும் தங்கம் விலைக்கு முன்னால் மேட்டூர் அணை மட்டத்தைப் பார்ப்பார்கள். அங்கேயே நின்று, இந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு மேட்டூர் போய்ச் சேரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அக்காக்கள் அங்கே உண்டு. அன்றைக்கு அடுப்புகள் பலதும் அணைந்திருக்க, ஒரு அக்கா மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரைக்கிலோ கட்லா. பாதி குழம்பு, பாதி வறுவல். “இங்க எத்தன மழ பேஞ்சாலும் ஆறு இப்படி வராதுக்கா. குடகுப் பக்கம் பேஞ்சாத்தான் வரும். அங்க பேஞ்சா எங்களுக்கு இங்க லீவு” என்றார். ஆடி மாதத்தில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட வெள்ளம் வந்து தொழில் நின்றுவிடுமாம். கர்நாடகம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்பதை மேலே பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அந்தக் கணக்குக்காகத்தான் இரண்டு மாநிலமும் இத்தனை வருஷமாகச் சண்டை போடுகின்றன. அக்காவுக்கு அந்தக் கணக்கு அன்றைக்கு அடுப்பு எரியுமா எரியாதா என்பதுதான். குழம்பு நல்ல காரம். அதில் புளிச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டது எங்கள் கண்டுபிடிப்பு.

சாயங்காலம் தர்மபுரி திரும்பினோம். கோட்டைப் பகுதியில் மல்லிகார்ஜுனர் கோயிலில் தொங்கும் தூண் பார்த்தோம். அர்ச்சகர் தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர் காலத்து வேலை என்கிறார்கள். அம்மா இரண்டு முறை நுழைக்கச் சொல்லிப் பார்த்தாள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் இதுதான் என்று நான் ஆரம்பித்ததும், “ஸ்கூல்ல படிச்சதுதான், களி எங்க கிடைக்கும்னு கேளு” என்றாள்.

களி கிடைத்தது. சூடான கேழ்வரகுக் களி உருண்டை, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு. வெளியே மழை, உள்ளே களியின் ஆவி. கடைக்காரப் பெரியவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதே “ஒகேனக்கல் தண்ணிதாம்மா” என்றார். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதி இது. பல்லில் காவி படிந்தவர்களை இங்கே இன்னும் பார்க்கலாம், அவர் பல்லும் அப்படித்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகுதான் காவிரி குழாயில் ஏறி இங்கே வந்தது. மத்தியானம் கயிறு கட்டித் தடுத்த அதே ஆறு, ராத்திரி டம்ளரில்.

ஞாயிறு காலை கிருஷ்ணகிரி. 2004இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மாம்பழத்துக்குப் பேர்போன ஊர், நாங்கள் போன மாதத்தில் மாம்பழ வாசனைகூட இல்லை. கோட்டை மலைப் படிகள் வழுக்கின. அம்மா இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள், அத்தோடு கோட்டை முடிந்தது. அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தபடி மழை குறையும்வரை ஒதுங்கினோம்.

அப்புறம் கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி அணைக்கு, டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அம்மாவுக்கு அந்தப் பயணம்தான் மொத்த ட்ரிப்பிலும் சிறந்தது. காமராஜர் ஆட்சியில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை, 52 அடி. மதகுகள் திறந்திருந்தன. தரைப்பாலம் மூழ்கிப் பூங்காவுக்குப் போக வழியில்லை. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துக்கொண்டு போனதைப் பற்றி டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள்.

தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளையாக நுரை. லேசாக ஒரு நாற்றம். அம்மா மூக்கைச் சுளித்தாள். வறுத்த மீன் விற்கிற பெண், “பெங்களூரு சாக்கடைதாம்மா, வேறென்ன” என்றார். நான் வாய் திறக்கவில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கிற இந்த ஆறு, பெங்களூரின் கிழக்கோரமாக வந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவை வாங்கிக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கிவிட்டுத்தான் இங்கே வருகிறது. பெல்லந்தூரில் ஏரிக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இருக்கிறேன் நான். அம்மா என்னையே பார்த்தாள். மீன் வாங்கவில்லை.

மொத்தம் 2,385 ரூபாய். அம்மா சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் கூட்டிக் காட்டினாள். மீதி 115 ரூபாயை என்னிடம் தரவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். பெங்களூரில் பலத்த மழை. அம்மா போன் செய்தாள்.

“அங்க மழையா?”

“ஊத்துதும்மா.”

“அப்ப டேமுக்கு வந்துரும்” என்றாள். “நீ இன்னைக்குத் துணி துவைக்காத.”