பன்னிரண்டு நெடுவரிசைகளும் ஒரு நீண்ட சொல்லும்

எங்கள் நிறுவனத்தின் வலைத்தளத்தைக் கட்ட அமைப்பில், அதாவது பக்கத்தைச் சீரான நெடுவரிசைகளாகப் பிரித்து அடுக்கும் 'கிரிட்' முறையில், புதிதாக வடிவமைத்து முடித்திருக்கிறோம். பழைய தளத்தில் ஒவ்வொரு பக்கமும் அதைச் செய்தவரின் கணக்குப்படியே அமைந்திருந்ததால், ஒன்றில் ஓரத்தை ஒட்டி நிற்கும் படம் அடுத்ததில் சற்று உள்ளே தள்ளி நிற்கும். தலைப்புகள் எதனோடும் நேர்படா.

பக்கத்தின் அகலத்தை 12 நெடுவரிசைகளாகப் பிரித்தோம். 12 என்பது 2, 3, 4, 6 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும் எண் என்பதால், ஒரே சட்டத்திற்குள் இரண்டு, மூன்று, நான்கு பெட்டிகளை மாற்றி மாற்றி அடுக்க முடிகிறது. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளிலும் சிஎஸ்எஸ் கிரிட் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியிலேயே உள்ள கட்ட அமைப்பு) வந்துவிட்டதால், முன்பு பெட்டிகளை இடமோ வலமோ ஒதுக்கும் ஃப்ளோட்டை வைத்துப் பட்ட பாடு எதுவும் இப்போது இல்லை.

சிக்கல் தமிழ்ப் பக்கங்களில்தான் வந்தது. மாதிரி வடிவத்தை லத்தீன் எழுத்து நிரப்பு உரையை இட்டு வரைந்திருந்தோம். சேவைகள் பக்கத்தில் நான்கு பெட்டிகள் அழகாக ஒரே அகலத்தில் நின்றன. உண்மையான உரையை ஏற்றிப் பார்த்தபோது, 'வாடிக்கையாளர்களுக்கான' என்று தொடங்கும் தலைப்பு இருந்த பெட்டி மட்டும் விரிந்து, மற்ற மூன்றையும் நெருக்கிவிட்டது. கிரிட்டில் நெடுவரிசைக்குத் தரும் எஃப்ஆர் (fr) என்ற அளவு எஞ்சிய இடத்தைப் பங்கிடுகிறது என்றாலும், உள்ளே இருக்கும் உடையாத சொல்லின் அகலத்தைவிட நெடுவரிசை தானாகக் குறுகாது; நெடுவரிசையின் குறைந்தபட்ச அளவைப் பூச்சியமாக்கினால் பெட்டி குறுகும், ஆனால் சொல் பக்கத்துப் பெட்டியின் மேல் வழியும். விகுதிகளும் உருபுகளும் சேர்ந்து நீளும் சொற்களைக் கொண்ட மொழிக்கு, சொல்லை அளந்துவிட்டுத்தான் நெடுவரிசையை வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனவே எங்கள் தலைப்புகளிலேயே நீளமான சொல்லைக் குறைந்தபட்ச அகலமாகக் கொண்டு, ஒரு வரிசையில் எத்தனை பெட்டிகள் கொள்ளும் என்பதை உலாவியே முடிவு செய்யும்படி விட்டோம். மடிக்கணினியில் மூன்றும் கைபேசியில் ஒன்றும் வருகின்றன.

தமிழ் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் இகரக் குறியும் கீழே உகரக் குறியும் வருவதால் வரி இடைவெளியையும் எழுத்தளவைப் போல் 1.7 மடங்காக உயர்த்தினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்ட அமைப்பில் எந்தப் பெட்டியையும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், பக்கத்தின் மூலமான எச்டிஎம்எல்லில் இறுதியில் இருந்த தொடர்புப் பெட்டியை நான் மேலே காட்டியிருந்தேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான், மூலத்தின் வரிசைப்படி அதை இறுதியில்தான் வாசித்தது. பார்வையற்ற நண்பர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிய அன்றே, மூலத்திலும் அதன் இடத்தை மேலே மாற்றினேன்.