கருப்பு மாட்டுக்குக் கருப்புக் கோடு

கருப்பு மாட்டின் மேல் கருப்புப் பெயிண்டில் யாராவது கோடு போடுவார்களா? ஜப்பானில் போட்டிருக்கிறார்கள்.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்கில் இருக்கிறவன் நான். கோடு என்று எங்கே பார்த்தாலும் கண் நின்றுவிடும். நைட் ஷிப்டில் பிரிண்ட் காய்கிற நேரத்தில் போனில் கிறுக்கு ஆராய்ச்சிகளாகத் தேடிப் படிப்பேன். அப்படி மாட்டியதுதான் 2025-ன் இக் நோபல் உயிரியல் பரிசு. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற வேலைகளுக்கு 1991 முதல் கொடுக்கிற விருது அது.

தொமோகி கோஜிமாவும் அவருடைய குழுவும் ஆறு கருப்பு மாடுகளுக்கு வெள்ளைப் பெயிண்டால் வரிக்குதிரை வேஷம் போட்டார்கள். கடிக்கிற ஈக்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. வாலடிப்பதும் காலை உதறுவதும் குறைந்தன. கோடு ஈயின் கண்ணைக் குழப்பி, உட்கார வரும் கணக்கைத் தப்ப வைக்கிறது என்பது அவர்கள் ஊகம். பூச்சிமருந்துச் செலவை மிச்சம் பிடிக்கலாமே என்று பார்த்திருக்கிறார்கள்.

சரி, ஈயை விரட்டியது கோடா, பெயிண்ட் நாற்றமா? நாள் முழுக்க அந்த நாற்றத்தில் நிற்கிற எனக்கு முதலில் வந்த சந்தேகமே இதுதான். அதற்குத்தான் அந்தக் கருப்புக் கோடு. நாற்றம் இருக்கும், கோடு தெரியாது. அதே ஆறு மாட்டுக்கும் வெறும் உடம்பு, கருப்புக் கோடு, வெள்ளைக் கோடு என மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கருப்புக் கோட்டு மாட்டை ஈ விடவில்லை. சிரிப்பு வரிக்குதிரையில், மூளை முழுக்க இந்தக் கருப்புக் கோட்டில்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கமும் ஒரு இக் நோபல் போயிருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகுமாரும் நிர்மலனும் யானைத் தோலின் மொத்தப் பரப்பைக் கணக்கிட வழி கண்டதற்காக 2002-ல் கணிதப் பரிசு. யானையின் உயரமும் முன்பாதத்தின் சுற்றளவும் போதும். பனியன் கட்டிங் மாஸ்டர் துணிக்கணக்குப் போடுகிற மாதிரிதான்; எனக்கு ரொம்பப் பிடித்தது.

2009-ன் கால்நடை மருத்துவப் பரிசில்தான் எனக்கு உடன்பாடில்லை. பெயர் வைத்துக் கூப்பிடுகிற மாடு வருஷத்துக்கு 258 லிட்டர் அதிகம் கறக்கிறது என்றார்கள் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 516 பண்ணைக்காரர்களிடம் கேட்டு எழுதிய கணக்கு. பெயர் வைக்கிறவன் தண்ணியும் நேரத்துக்குக் காட்டுவான், மடியையும் தடவிப் பார்ப்பான். பால் பெயரால் வந்ததா, கவனிப்பால் வந்ததா? இங்கே கருப்புக் கோட்டு மாடு இல்லையே.

காங்கயம் பக்கத்தில் என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கட்டுத்தரையில் பெயரில்லாத மாடே கிடையாது. செவலை, மயிலை என்று நிறத்திலேயே அம்முச்சி கூப்பிடும். கோடு சமாச்சாரத்தை அதனிடம் சொன்னேன். பொழுது சாய வேப்பந்தழை மூட்டம் போட்டுக்கொண்டே கேட்டது.

“ஏங்கண்ணு, பெயிண்டை மாடு நக்காதா?”

அது தண்ணிப் பெயிண்ட், கொஞ்ச நாளில் போய்விடும் என்றேன்.

“நக்கி வகுத்தால போச்சுன்னா சொசைட்டிக்கு நீ வந்து பால் ஊத்துவியா?”

258 லிட்டர் கதையை அதைவிட மோசமாக வாங்கிக்கொண்டது. சொசைட்டியில் பாலின் கெட்டியைப் பார்க்கிற டிகிரிதான் அதற்குக் கணக்கு. “லிட்டரு கெடக்குது சாமி. டிகிரி நிக்குமா, அதைக் கேட்டயா?”