லீதியாள் எங்கே போயிருப்பாள்?

கிறிஸ்தவம் என்று ஒன்று தோன்றாமலே போயிருந்தால் யூதர்கள் இன்று ஐம்பது கோடிப் பேராக, யாருக்கும் பயப்படாமல் வாழ்ந்திருப்பார்கள் என்பது எங்கள் அத்தானின் கட்சி. பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் வாயிலிருந்து இது வருவதே வேடிக்கைதான். அப்படி நடந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இன்று என்னவாக இருந்திருப்போம் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் அக்கா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அத்தான் சொல்வதில் பாதி சரி. 388இல் காலினிகும் என்ற எல்லைப்புற ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கொளுத்தியது. ஆயரே அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று பேரரசர் தியோடோசியஸ் உத்தரவிட்டார். மிலான் ஆயர் அம்புரோஸ் விடவில்லை. ஆராதனையின் நடுவிலேயே பேரரசரை மடக்கி உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார். யூதர்–கிறிஸ்தவர் திருமணம் விபசாரத்துக்குச் சமம் என்ற சட்டமும் அதே வருஷம் வந்ததுதான். அப்புறம் 1290இல் இங்கிலாந்து, 1492இல் ஸ்பெயின் என்று துரத்தல்கள். இதையெல்லாம் யார் மறுக்க முடியும்?

ஆனால் எருசலேம் ஆலயத்தை இடித்தது சபை இல்லை, ரோமாபுரி. 70இல் ஆலயம் போனது. அதற்கு யூதர்கள் வருஷா வருஷம் கட்டிவந்த அரைச் சேக்கல் காணிக்கையைப் பேரரசன் வெஸ்பாசியன் இரண்டு தெனாரி வரியாக மாற்றி, ரோமில் இருந்த ஜுபிடர் கோவிலுக்குத் திருப்பிவிட்டான். 115 முதல் 117 வரை எகிப்து, சைரீன், சைப்ரஸ் யூதர்களின் கலகம். 132 முதல் 135 வரை பார் கொக்பா என்ற யூதத் தலைவனின் கலகம். இரண்டும் ரத்தத்தில் முடிந்தன. எருசலேமுக்குள் யூதர் காலே வைக்கக்கூடாது என்றான் பேரரசன் ஆத்ரியன். அவனுக்கு அடுத்து வந்த அந்தோனினஸ் பயஸ், யூதர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் (சுன்னத்) செய்துகொள்ளலாம், வேறு யாருக்காவது செய்தால் ஆண்மை நீக்கி அண்ணகனாக்கிய குற்றத்துக்கு உண்டான தண்டனை என்றான். மதம் மாறி உள்ளே வரும் வாசலில் பாதியை அடைத்தது அந்த ஒரு வரிதான். கிறிஸ்தவத்தை ஆதரித்த முதல் பேரரசன் கான்ஸ்டன்டைன் பிறக்க அப்போது இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

அத்தானின் ஐம்பது கோடிக்கு ஆதாரம் என்று ஏதாவது உண்டானால், அது அந்த வாசலுக்கு வெளியே நின்ற கூட்டம். பைபிள் படித்தவர்களுக்கு அவர்களைத் தெரியும்: இரத்தாம்பரம் என்ற ஊதா நிறத் துணி விற்கிற லீதியாள், நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு. யூதர் இல்லை, ஆனால் யூதரின் கடவுளைக் கும்பிட்டவர்கள். துருக்கியில் அப்ரோதீசியாஸ் என்ற பழைய நகரத்தில் கிடைத்த ஒரு கல்லில் யூதர் பெயர்களுக்குக் கீழே தனித் தலைப்பு போட்டு இவர்களுடைய பெயர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் நகர்மன்ற உறுப்பினர்கள்! ரோமக் கவிஞர் யுவெனால் இவர்களைக் கிண்டலே செய்தார்: அப்பன் சனிக்கிழமை வேலை செய்யமாட்டான், பன்றிக்கறி தொடமாட்டான், பிள்ளை விருத்தசேதனமே செய்துகொள்வான். 386, 387 வாக்கில்கூட அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தன் சபையார் யூதர் பண்டிகைகளுக்கு ஓடுகிறார்கள் என்று தொடர் பிரசங்கம் செய்து திட்டவேண்டியிருந்தது. இழுப்பு இருந்தது, சந்தேகமே இல்லை.

இழுப்பு இருந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்களா? அதியாபேன் ராஜா இசாத்தின் கதையைப் பாருங்கள். முதல் நூற்றாண்டு, இன்றைய ஈராக்கின் வடக்குப் பகுதி. விருத்தசேதனம் இல்லாமலேயே கடவுளைக் கும்பிடலாம், குடிமக்கள் கொதித்துவிடுவார்கள் என்று அனனியா என்ற யூத வியாபாரி அவனைத் தடுத்தார். பின்னால் கலிலேயாவிலிருந்து எலெயாசர் என்ற இன்னொரு யூதர் வந்தார். ராஜா மோசேயின் சட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, படித்தால் போதுமா, செய்யவேண்டாமா என்று கடிந்துகொண்டார். இசாத் உடனே வைத்தியனைக் கூப்பிட்டான். யூதர் அல்லாதவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டுமா வேண்டாமா என்று அப்போஸ்தலர் பவுல் கிளப்பியதாக நாம் நினைக்கிற சண்டை, பவுலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அரண்மனையிலும் நடந்திருக்கிறது. பவுல் வராமல் இருந்தாலும் லீதியாள் வீட்டுக்கு ஒருநாள் அனனியாவோ எலெயாசரோ வந்திருப்பார். யார் வந்தார் என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கணக்கு.

சபையின் கை எட்டாத இடங்களில் யூதர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்ப்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த வழி. பாபிலோனில் பிரமாதமாக இருந்தார்கள். சூரா, பும்பெதித்தா கல்விக்கூடங்கள், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் எல்லாம் அங்கேதான். சீனாவின் கைஃபெங்கில் 1163இல் ஜெப ஆலயம் கட்டினார்கள். யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. மெதுவாகக் கரைந்தே போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரபீயும் (யூத மதகுரு) இல்லை, ஆலயமும் இல்லை. ஏமன் தேசத்தில் யூத ராஜாக்களே ஆண்டார்கள். அவர்களில் யூசுப் என்பவன் 523இல் நஜ்ரானில் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தான். ராஜ்யம் கைக்கு வந்தால் எந்த மதமும் ராஜ்யம்போலத்தான் நடக்கும்போல.

நமக்குப் பக்கத்திலேயே கொச்சி. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு கொடுத்தான். பகல்விளக்கு, பல்லக்கு, குடை என்று 72 உரிமைகள். போர்ச்சுக்கீசியர் வரும்வரை அவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. அப்படியிருந்தும் சில ஆயிரம் பேரைத் தாண்டவில்லை. ஊர் வழக்கம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது: பரதேசி யூதர், மலபார் யூதர் என்று பிரிந்து, பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்தார்கள். கொங்கணத்தில் செக்காட்டிய பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘சனிவாரத் தேலி’, சனிக்கிழமை செக்கை நிறுத்துகிற வாணியர்.

ஆக, என் ஊகம் இது. மேற்கே கிரேக்கம் பேசும் ஜெப ஆலயங்கள் நிறைய இருந்திருக்கும். அனனியாவின் வழியில் போய், பாதி கைஃபெங் மாதிரி கரைந்திருக்கும். கிழக்கே எலெயாசரின் ஆட்கள் தல்மூதோடு உறுதியாக நின்றிருப்பார்கள். மொத்தத்தில் ரத்தம் குறைவு, ஒருவேளை ஆளும் குறைவு. ரோமும் சும்மா இருந்திருக்காது. பேரரசன் அவுரேலியன் 274இல் சூரியனுக்குக் கோவில் எடுத்ததுபோல ஏதோ ஒரு சாமியைப் பேரரசுக்குப் பொதுவாக்கியிருக்கும். கும்பிட மாட்டேன் என்றவர்களை அந்தப் பூசாரிகள் மட்டும் கொஞ்சியிருப்பார்களா?

அத்தானிடம் இன்னொன்றும் சொன்னேன். கிரேக்கத்தில் எழுதிய முதல் நூற்றாண்டு யூதர்களான அலெக்சாந்திரியாவின் பிலோ, வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இருவரையும் ரபீக்கள் கண்டுகொள்ளவில்லை. படியெடுத்துக் காப்பாற்றியது கிறிஸ்தவர்கள். யூதர்களின் விடுதலைப் போரைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூலின் எபிரேய மூலம் தொலைந்தே போனது; சபை வைத்திருந்த கிரேக்கப் படிதான் மிஞ்சியது. இசாத்தின் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பதும் யோசேப்பஸால்தான். சபை இல்லாவிட்டால் இதெல்லாம் எங்கே?

“கிரேக்க யூதர்கள் தழைத்திருந்தால் அவங்களே எழுதி வச்சிருப்பாங்கல்ல?” என்றார் அத்தான். நியாயமான அடிதான். ஆனால் 117க்குப் பிறகு அலெக்சாந்திரியாவில் எழுதி வைக்க எத்தனை பேரை ரோமப் படை விட்டுவைத்தது என்று கேட்டேன். அதற்கு அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.