போர்ட் பிளேர் டிக்கெட் எடுக்கும் முன்: ஓடுபாதை யாருடையது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர், விசாகப்பட்டினம், புனே, கோவாவின் டபோலிம் என்று எங்கே போனாலும் நாம் இறங்குவது ராணுவ ஓடுபாதையில்தான். புனே விமானப்படையுடையது, மற்ற மூன்றும் கடற்படையுடையவை. முனையக் கட்டடமும் பயணிகள் விமானம் நிற்கும் இடமும் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ஓடுபாதையும், விமானங்களுக்கு ஏற இறங்க அனுமதி தரும் கட்டுப்பாட்டு மையமான ஏடிசியும் படையின் கையில். இந்த ஏற்பாட்டுக்கு ‘சிவில் என்க்ளேவ்’ என்று பெயர்.

நேரத்தை முடிவு செய்வதும் படைதான். டபோலிமில் வார நாட்களில் காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை கடற்படைப் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். பயணிகள் விமானங்கள் மீதி நேரத்தில் நெருக்கியடித்தன. புனேயில் ஓடுபாதையைப் புதுப்பிக்க 2020 அக்டோபர் முதல் இரவு 8 மணிக்குக் கடையை மூடினார்கள், மறுநாள் காலை 8 மணிக்குத்தான் திறப்பு. 2021 அக்டோபரில் இரண்டு வாரம் முழுமையாகவே மூடல். இன்னொரு சிக்கல், போர் விமானம் பழுதாகி ஓடுபாதையிலேயே நின்றுவிட்டால் அதை அகற்றும் வரை யாரும் இறங்க முடியாது. 2018 ஜனவரி 3 அன்று டபோலிமில் மிக்-29கே ஒன்று ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தபோது பயணிகள் விமானங்களும் முடங்கின.

போர்ட் பிளேருக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: ஏவுகணைச் சோதனை. 2025 மே 23, 24 தேதிகளில் அந்தமான் வான்வெளியை தினமும் மூன்று மணி நேரம் மூடினார்கள். விமானிகளுக்குத் தரும் இப்படிப்பட்ட ‘நோட்டாம்’ அறிவிப்பில் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். 0130 – 0430 என்று பார்த்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மூர்க் கணக்கில் காலை 7 முதல் 10. அதிகாலை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

அதனால் இறங்கிய அன்றே ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கடைசிப் படகுக்கு டிக்கெட் போடாதீர்கள். திரும்பும்போது சென்னையில் வேறு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் நடுவே ஓர் இரவு விடுங்கள், தனித்தனி டிக்கெட் என்றால் கட்டாயம். விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம். பாதுகாப்புக் காரணத்தால் ரத்தானால் அதற்கு மேல் நஷ்ட ஈடு கிடைக்காது. ராணுவம் ஒதுக்கிய நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சிடச் சொல்லி அரசு விதி போட வேண்டும். பயணிக்கு அது தெரியாமல் பணம் வாங்குவது நியாயமில்லை.

இந்த விமான நிலையங்களில் படம் எடுக்காதீர்கள், விமான ஜன்னல் வழியாகவும்தான். 2025 மே உத்தரவில் இந்தத் தடை, படையும் பயணிகள் விமானங்களும் பகிர்ந்துகொள்ளும் எல்லா விமானத் தளங்களுக்கும் பொருந்தும். 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் திரையை மூடச் சொன்னது மட்டும் மேற்கு எல்லைத் தளங்களுக்கு.

“தாம்பரத்திலும் பயணிகள் விமானம் விடலாமே” என்று தென்சென்னைக்காரர்கள் கேட்பதுண்டு. அங்கே 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. பயிற்சி விமானம் ஏறி, வட்டமடித்து, இறங்கி, உடனே மறுபடி ஏறும். அந்தச் சுற்றுக்கு நடுவே வேகமாக வரும் பெரிய விமானத்தை இறக்க வேண்டுமானால் பயிற்சியை ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களும் வந்துகொண்டிருக்கும்.