மூன்று கிலோவைத் தொங்கவிட்ட பிறகு

கோவை கணபதியில் எனக்கொரு சிறிய பட்டறை. சென்ற ஆண்டு, பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற வாடிக்கையாளர் ஒருவர் ஓர் இரும்புக் கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 600 மில்லிமீட்டர் நீளம், 50 அகலம், 12 கனம், சாதாரண எம்.எஸ். பிளாட், அதாவது மென் எஃகுப் பட்டை. ஒரு முனையை இயந்திரத்தில் இறுக்கிவிடுவார்கள், மறுமுனையில் பொருளைப் பிடித்துத் தூக்கும் மூன்று கிலோ கிரிப்பர் தொங்கும். "மோட்டார் திணறுகிறது. இதே அளவில் அலுமினியத்தில் செய்து கொடுங்கள்" என்றார்.

நானும் அட்டவணையைப் புரட்டினேன். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை 276 மெகாபாஸ்கல் (பரப்பின் மீது விழும் விசையை அளக்கும் அலகு) வரை தாங்கிவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நாங்கள் வாங்கும் எம்.எஸ்., அதாவது ஐ.எஸ். 2062 இ250 தரம், 250க்குத்தான் உத்தரவாதம். எடையோ கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.85. மூன்றில் ஒரு பங்கு எடையில் பலம் கூடுதல் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றே பிளாட் வாங்கிவிட்டேன்.

அலுமினியத்தை மில்லிங்கில் ஓட்டுவது தனிச் சுகம். ஆனால் கட்டர் முனையில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும்; மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வெட்ட வேண்டும். கை பளபளவென்று வந்தது. ஒரு முனையை இறுக்கிவிட்டு, மறுமுனை எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தோம். அரை மில்லி. பழைய இரும்புக் கையையும் அதே இடத்தில் இறுக்கி அளந்தோம். அதுவும் அரை மில்லி! "பார்த்தீர்களா அண்ணே?" என்று எங்கள் டர்னர் அண்ணனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மூன்று கிலோ கட்டையை எடுத்துவந்து நுனியில் மாட்டினார்.

நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜில் இரும்புக் கை 1.5 மில்லி இறங்கியிருந்தது. அலுமினியம் 4.3ஐத் தாண்டியது. விரலால் தட்டினால் தூண்டில்கோல் போல ஆடியது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. உடைகிறதா என்பது ஒரு கேள்வி, வளைகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை சொல்வது யங் குணகம். எஃகுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 69. எடை எப்படி மூன்றில் ஒரு பங்கோ, விறைப்பும், அதாவது வளையாமல் நிற்கும் தன்மையும், அப்படியே மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் வெறும் கையாக இருந்தபோது இரண்டும் ஒரே அளவு தாழ்ந்தன: அலுமினியம் விறைப்பில் குறைந்தாலும், தன்னை இழுக்கிற எடையும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டது. வெளியிலிருந்து மூன்று கிலோ வந்து தொங்கியதும் அந்தச் சலுகை போயிற்று. கிரிப்பர் எந்தக் கையில் தொங்கினாலும் மூன்று கிலோதானே!

நான் மார்தட்டிய 276க்கு இந்த வேலையில் இடமே இல்லை. இறுக்கிய முனையில் விழும் தகைவு, அதாவது பரப்பின் மீதான விசை, 20 மெகாபாஸ்கலைக்கூட எட்டவில்லை. இன்னும் பலமான அலுமினியக் கலவை வாங்கியிருந்தாலும் பணம்தான் போயிருக்கும். கலவையை மாற்றினாலும், உலையில் வைத்துப் பதப்படுத்தினாலும் பலம் பல மடங்கு கூடும், குறையும். யங் குணகம் அசைந்துகொடுக்காது. எஃகும் அப்படித்தான். ஸ்பிரிங் எஃகில் செய்தாலும் அதே 200க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

மாற்றக்கூடியது கனம் ஒன்றுதான். அது மட்டும் கொஞ்சம் தாராளமானது: கனத்தை ஒன்றரை மடங்காக்கினால் விறைப்பு மூன்றே கால் மடங்குக்கு மேல் கூடுகிறது, மும்மடிக் கணக்கு. 18 மில்லி பிளாட்டில் மறுபடி செய்தேன். மூன்று கிலோவுக்கு 1.3 மில்லிதான் இறங்கியது, இரும்பைவிடக் குறைவு. எடை ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரும்புக் கை 2.8. மூன்றில் ஒரு பங்கு என்று கனவு கண்டது பாதியில் வந்து நின்றது. முதல் பிளாட்டின் காசு என் கணக்கில்.

வாடிக்கையாளர் துளையிட்ட சிறு துண்டு ஒன்றை, நாங்கள் காது என்போம், அதை வெல்டிங் செய்து ஒட்டச் சொன்னார், மறுத்துவிட்டேன். டி6 என்பதே சூட்டில் வாங்கிய பதம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது கலைந்து பலம் பாதியாகிவிடும். எம்8 போல்ட் போட்டுக் கொடுத்தேன். மரை மட்டும் ஆழமாக எடுத்தேன்: எஃகில் போல்ட்டின் விட்டத்தளவு ஆழம் போதும், அலுமினியத்தில் இரண்டு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போதே மரை உருவிக்கொண்டு வரும்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி. 16 மில்லியில் செய்தால் இன்னும் எடை குறையுமே என்று கேட்டிருக்கிறார். 1.8 மில்லி தாழும், சம்மதமா என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.